திருச்சுழி வீட்டுக்கு ஆள் வைப்பது குறித்து

கோயம்புத்தூர்
10.06.2024

அன்புள்ள தம்பி மருதுபாண்டிக்கு,

அக்கா எழுதுவது. நான் இங்கே சுகம். மாடிப்படியைக் கண்டால் மட்டும் முழங்கால் முனகுகிறது. உன் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? செல்வலட்சுமி உயிரோடு இருந்தவரை இதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். உன் பெண்டாட்டி போன பிறகு உன் மாத்திரைக்கும் கோயம்புத்தூரிலிருந்து நானே பொறுப்பு என்று ஆகிவிட்டது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய். மறுவாரம் கேட்டால் "அப்படியா சொன்னேன்?" என்பாய். தாலுகா ஆபீஸில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவள் நான். எழுத்தில் இல்லாத எதுவும் நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். அப்பா கட்டிய திருச்சுழி வீடு உனக்குப் பாதி, எனக்குப் பாதி. அதைப் போன் ஆப்பில் போட்டு வெளியூர் ஆட்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதும் இரண்டு பேரும் சேர்ந்துதான். ஆகவே இனி வீட்டு விஷயம் முழுக்க எழுத்தில்தான். நீயும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும்.

விஷயம் இது. போன வியாழக்கிழமை, குமாரலிங்கபுரம் ஜவுளிப் பூங்கா வேலைக்கு வந்த இன்ஜினீயர் நம் வீட்டில் மூன்று நாள் தங்கப் பதிவு செய்திருந்தார். வாசலில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார். உனக்குப் பதினோரு தடவை போன் அடித்தேன். உள்ளே போனால் தண்ணீர்த் தொட்டி காலி, படுக்கை விரிப்பில் முந்தைய ஆளின் முடி. "வீடு நன்றாக இருக்கிறது; வீட்டுக்காரர் என்று ஒருவர் இருக்கிறாரா தெரியவில்லை" என்று ஆப்பில் எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறார். படித்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. உன்னைப் பற்றி நம் சொந்தக்காரர்கள்கூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

இப்படி நடப்பது மூன்றாவது தடவை. பதிவு எடுப்பது, கேட்கிறவனுக்குப் பதில் சொல்வது எல்லாம் இங்கிருந்து நான் செய்கிறேன். உனக்கு இருப்பது ஒரே வேலை: கீழப்பட்டியிலிருந்து நாலு கிலோமீட்டர் வண்டியில் போய்க் கதவைத் திறப்பது. அதற்கும் வக்கில்லை என்றால் கோ-ஹோஸ்ட் ஒருவரை வைத்துவிடலாம். அதாவது நமக்குப் பதிலாக அங்கே நின்று சாவி கொடுத்து, வீட்டைத் துடைத்து, வருகிறவர்களைக் கவனிக்கும் ஆள். ஆப்பில் நம் பெயருக்குக் கீழே அவர் பெயரும் இருக்கும். என் நாத்தனார் மகன் ஜெயபாண்டி மதுரையில் ஹோட்டல் படிப்புப் படித்தவன். உன்னை வந்து பார்ப்பான். பார்த்துவிட்டு எழுது.

இப்படிக்கு
உன் அக்கா முருகலட்சுமி


கீழப்பட்டி
28.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துப் பார். என் சர்க்கரை அது பாட்டுக்கு இருக்கிறது. காடு இன்னும் ஒரு மழைகூடப் பார்க்கவில்லை. எழுதினால் கை நடுங்குகிறது என்பதால் நான் சொல்லச் சொல்ல வேறு ஆள் எழுதுகிறது. எழுத்து அழகாக இருந்தால் அது என்னுடையது இல்லை.

இன்ஜினீயர் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். அன்றைக்கு வண்டி மக்கர் பண்ணிவிட்டது.

ஜெயபாண்டி வந்தான். வெயிலில் வந்தவன் கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள் வந்தும் கழற்றவில்லை. திருச்சுழி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, இங்க வர்றவனுக்கு ரூமு வேண்டாம், அனுபவம் வேணும்" என்றான்.

"என்னலே அனுபவம்?" என்றேன்.

"வாசல்ல நீங்க தலப்பாக் கட்டி, கையில செம்போட நிக்கணும். வர்றவன் போட்டா எடுப்பான்."

"மூணு வருசமா பருத்தி போட்டு மண்ணாப் போன அனுபவம் எங்கிட்ட இருக்கு. அதை எடுக்கச் சொல்லு" என்றேன். அதையும் தன் போனில் குறித்துக்கொண்டான். இவனிடம் ஹோட்டலையும் கொடுக்க முடியாது, ஹோட்டலில் தட்டையும் கொடுக்க முடியாது.

எனக்கு வேறு ஓர் ஆள் தோன்றுகிறது. நம் காட்டில் வேலை பார்த்த சங்கையாவின் மகள் சுகந்தி. திருப்பூரில் பெண்கள் விடுதி ஒன்றில் ஒன்பது வருஷம் வார்டனாக இருந்தாள். நூற்றிருபது பேருக்குத் தண்ணீர், சாவி, சண்டை எல்லாம் பார்த்தவள். சங்கையாவுக்கு முடியவில்லை என்று ஊரோடு வந்துவிட்டாள். அவளை வைக்கலாமா? யோசித்து எழுது.

உன் தம்பி
மருதுபாண்டி


கோயம்புத்தூர்
09.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சாரல். கை நடுக்கத்துக்கு டாக்டரைப் பார்த்தாயா? பார்க்க மாட்டாய். சொல்லி எழுத ஆள் வைக்கும் அளவுக்கு ஜமீன்தார் ஆகிவிட்டாய், சந்தோஷம்.

சுகந்தி விஷயம். சங்கையா நம் வீட்டுக்கு எந்த வழியாக வந்து போனார் என்பது உனக்கு ஞாபகம் இல்லாவிட்டாலும் எனக்கு இருக்கிறது. பின்பக்கம் வந்து, கொல்லையில் நின்று, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவர். நல்ல மனிதர்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் மகள் கையில் அப்பா கட்டிய வீட்டின் முன்வாசல் சாவி என்றால், திருச்சுழித் தெருவில் நம் ஆட்கள் எதைக்கொண்டு சிரிப்பார்கள் என்று யோசித்தாயா? எதிர்வீட்டுத் தங்கலட்சுமி ஒருத்தி போதும்.

வார்டன் என்கிறாய். மில்லில் வேலை பார்த்த பெண்களை எண்ணிப் பூட்டி வைப்பதும், படித்த விருந்தினரை வரவேற்பதும் ஒன்றா? கக்கூஸ் கழுவவும் வீடு கூட்டவும் அவளை வைத்துக்கொள். வாளியைத் தொடலாம், சாவியைத் தொட வேண்டாம். ஆப்பில் நம் பெயருக்குக் கீழே அவள் பெயர் வருவதை நான் உயிரோடு இருக்கிறவரை பார்க்க மாட்டேன்.

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். யார் முகம் வாடினாலும் உனக்கு உருகிவிடும். அதனால்தான் உன் கையில் எதுவும் தங்கவில்லை.

ஜெயபாண்டியைத்தான் வைக்க வேண்டும். அவன் கொஞ்சம் அலட்டுவான், எனக்கும் தெரியும். அலட்டல் இல்லாமல் இந்தக் காலத்தில் டீகூட விற்க முடியாது.

அக்கா
முருகலட்சுமி


கீழப்பட்டி
19.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் கடிதத்தைப் படிக்கக் கேட்டேன்.

உன் இஷ்டப்படி ஜெயபாண்டியே இருக்கட்டும். வந்துவிட்டான். நம் வீட்டுக்கு 'மண்வாசம்' என்று பெயர் வைத்திருக்கிறான். சுவரில் வண்டிச் சக்கரம் ஒன்றை ஆணியடித்து மாட்டியிருக்கிறான். சமையலறையில் பிளாஸ்டிக் மிளகாய்ச் சரம் தொங்குகிறது. மிளகாய் விளையும் ஊரில் பிளாஸ்டிக் மிளகாய்.

நான் தலைப்பாகை கட்ட மறுத்ததால் சங்கையாவைக் கூட்டிப்போய், கட்டிவிட்டு, அரிக்கேன் விளக்கைக் கையில் கொடுத்து நிற்க வைத்திருக்கிறான். பகல் பதினோரு மணிக்கு. அந்த மனிதனுக்கு நிற்கவே முடியாது. சுகந்தி போய், விளக்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதைத்தான் ஜெயபாண்டி என்னிடம் புகாராகச் சொன்னான்: "மாமா, அந்தப் பொம்பள என்னைய ஒரு ஆளாவே மதிக்கல."

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
மருதுபாண்டி


கீழப்பட்டி
05.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகம்தானே? ஆகஸ்டில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. ஜெயபாண்டி எடுக்கும் படங்களைப் போனில் பார்த்துச் சந்தோஷமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நடந்ததைக் கேள்.

புதன்கிழமை மகாளய அமாவாசை. சென்னையிலிருந்து ஒரு குடும்பம், அப்பாவுக்குத் திதி கொடுத்துக் கோயிலுக்குப் போக, நம் வீட்டைப் பதிவு செய்திருந்தது. எண்பது வயது அம்மா, மகன், மருமகள். காலை ஆறு மணிக்கு வந்திறங்கினால் உள்ளே ஆட்டம்பாட்டம். ஜெயபாண்டி அதே நாளை, ஆப்புக்கு வெளியே, மதுரைப் பயல்கள் எட்டுப் பேருக்குப் பிறந்தநாள் கொண்டாட விட்டிருக்கிறான். முந்தின நாளிலிருந்து குடி. வண்டிச் சக்கரத்தின் மேல் எவனோ ஏறி, அது சுவரோடு பெயர்ந்து கிடக்கிறது. இவனுக்குப் போன் அடித்தால், "மாமா, நான் கொடைக்கானல்ல இருக்கேன். சிக்னல் இல்ல" என்கிறான். சிக்னல் இல்லாதவன் எப்படிப் பேசினான் என்று நீ கேட்டுச் சொல்.

அந்த அம்மா தெருவில் சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருக்கிறார். எதிரில் தங்கலட்சுமி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாளாம். நான் சொன்னதும் சுகந்திதான் போய் அவர்களைக் கீழப்பட்டிக்குக் கூட்டி வந்து, தன் வீட்டில் குளிக்க வைத்து, நேரத்துக்கு ஆட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறாள். மத்தியானம் அவர்கள் திரும்பி வந்து அவள் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டுத்தான் கிளம்பினார்கள். ஆப்பில் அவர்கள் எழுதியதை நீ பார்த்திருப்பாய்.

ஜெயபாண்டி இனி வேண்டாம். அவளை வைப்போம் என்று மறுபடியும் கேட்கிறேன்.

தம்பி
மருதுபாண்டி


கோயம்புத்தூர்
09.10.2024

தம்பிக்கு,

நான் சுகமாக இல்லை. இரண்டு நாளாக இரத்தக் கொதிப்பு.

ஜெயபாண்டியைத் துரத்தியாயிற்று. அவனைப் பற்றி இனி என்னிடம் பேசாதே. அவனைப் பெற்றவளிடமே போனில் சொல்லிவிட்டேன், இவனுக்குச் செலவழித்த பீஸில் இரண்டு எருமை வாங்கியிருக்கலாம் என்று.

ஆனால் நீ எழுதியதில் பாதிதான் எனக்கு விளங்குகிறது. ஆப்பில் அந்தச் சென்னைக்காரர் "சுகந்தி அம்மா வீட்டில் எங்கள் வீட்டைப் போல இருந்தோம்" என்று எழுதியிருக்கிறார். ஐந்து நட்சத்திரம். நம் வீட்டுக்கு அல்ல, அவள் வீட்டுக்கு! திதிக்கு வந்தவர்களை அழைத்துப்போய்த் தன் வீட்டில் குளிக்க வைத்து, தன் அடுப்பில் சமைக்க வைத்திருக்கிறாளே, அது யார் வீடு, எந்தத் தெரு என்று சொல்லித்தான் கூட்டிப்போனாளா? சொல்லியிருந்தால் போயிருப்பார்களா? நாளைக்குத் தெரிந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நான்.

சங்கையா மகள் நம் வீட்டைத் தன் வீடு என்று நினைத்துக்கொண்டாளா, தன் வீட்டை நம் வீடு என்று நினைத்துக்கொண்டாளா? நாலு பேருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தால் வீட்டுக்காரி ஆகிவிட முடியாது. இவர்களுக்கு ஒரு படி இறங்கி வந்து பேசினால் மூன்று படி ஏறி வந்து உட்காருவார்கள். அப்பா இதைச் சொல்லாத நாள் இல்லை. அவளுக்கு ஏதாவது கொடுத்து அனுப்பிவிடு. நம் வாசலில் அவள் இனி நிற்கக் கூடாது.

முருகலட்சுமி


கீழப்பட்டி
18.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? கொதிப்பு என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. தீபாவளிக்குக்கூட நீ பேசவில்லை. அம்மா செத்த வருஷம்கூடப் பேசினாய்.

வீடு பூட்டிக் கிடக்கிறது. வீரசோழன் ஊரில் கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பம் கேட்டது, மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ சொன்ன மாதிரியே யாரையும் வைக்கவில்லை. கோபம் என்றால் திட்டியாவது எழுது.

தம்பி
மருதுபாண்டி


கோயம்புத்தூர்
08.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நான் எழுதுவதை உனக்குப் படித்துச் சொல்லப்போவது யார் என்று எனக்கு இப்போது தெரியும். அதனால்தான் எழுத வரவில்லை.

அக்டோபர் பதினாலாம் தேதி நான் கீழப்பட்டிக்கு வந்தேன்.

அந்தக் கடிதத்தைப் போட்ட பிறகும் எனக்கு ஆறவில்லை. நேரில் வந்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு, பூட்டை மாற்றிவிட்டுப் போவோம் என்று பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டையில் இறங்கி, திருச்சுழி பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோ. உன் வீட்டு வாசலில் உன் வண்டி நின்றது. முன்சக்கரம் வளைந்து, சீட்டில் கோழி உட்கார்ந்திருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண்குரல் படித்துக்கொண்டிருந்தது.

"நாலு பேருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தால் வீட்டுக்காரி ஆகிவிட முடியாது."

என் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை. ஆபீஸில் நாங்கள் அரசாணை படிக்கிற மாதிரி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, எழுதியது எழுதியபடி.

நீ, "போதும்மா. விட்ரு" என்றாய்.

"இன்னும் பாதிப் பக்கம் இருக்குய்யா."

"என்னத்துக்கும்மா அதைப் போயி வாயால படிக்கிற?"

"எழுதிருக்காகள்ல. படிச்சிர்றேன்."

படித்தாள். இறங்கி வந்து பேசினால் ஏறி வந்து உட்காருவார்கள் என்பதையும், அப்பா சொன்னது என்பதையும். என் பெயர்வரை படித்தாள். நீ தண்ணீர் குடிக்கக் கையை நீட்டினாய். செம்பு உன் கைக்கு ஒரு சாண் பக்கத்தில் இருந்தது. உன் கை பெஞ்சு முழுக்கத் தடவியது. அவள் செம்பை எடுத்து உன் கையில் வைத்து, விரலை மூடிவிட்டாள்.

நான் உள்ளே வரவில்லை. அதே ஆட்டோவில் திரும்பிவிட்டேன். உன் கண் போய்விட்டது என்பதை உன் அக்கா உன் வாசலில் நின்று ஒளிந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள். கை நடுக்கம், வண்டி மக்கர் என்று நீ எழுதியதை எல்லாம் எடுத்துவைத்துத் திரும்பப் படித்தேன். நான் உன்னைச் சோம்பேறி என்றே அறுபது வயதுவரை நினைத்துவிட்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஏன் சொல்லவில்லை?

அந்தப் பெண்ணை வைத்துக்கொள். கோ-ஹோஸ்டாகப் போட்டுவிடுகிறேன்.

அக்கா


கீழப்பட்டி
22.12.2024

திருமதி முருகலட்சுமி அவர்களுக்கு,

சுகந்தி எழுதுவது. அய்யாவும் என் அப்பாவும் நலம். உங்கள் முழங்கால் இப்போது தேவலை என்று நினைக்கிறேன். இந்தக் கடிதம் அய்யா சொல்லி எழுதுவதல்ல. நானே எழுதுகிறேன். அய்யாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன்.

நீங்கள் அன்று வாசலில் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்படியேதான் படித்திருப்பேன். உங்கள் மாதிரி ஆட்கள் எங்களைப் பற்றி என்ன பேசுவீர்கள் என்று என் அப்பாவுக்குக் காதால்தான் தெரியும். பாதியைக் கேட்காத மாதிரி நடித்துக் காலத்தைத் தள்ளினார். எனக்கு எழுத்திலேயே கிடைத்தது. அதில் ஒரு வரியை நான் ஏன் விட வேண்டும்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஜூன் ஆறாம் தேதி அந்த இன்ஜினீயர் வந்த அன்று அய்யா சாவியோடு கிளம்பி, ஓடைப் பாலத்தில் கைப்பிடிச் சுவர் தெரியாமல் மோதி விழுந்து கிடந்தார். நான்தான் தூக்கினேன். அவர் சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்துப்போய் இன்ஜினீயருக்குத் திறந்துவிட்டதும் நான்தான். இடது கண் அதற்கு முன்பே போய்விட்டது. உங்களிடம் சொன்னால் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் ஒரு அறையில் உட்கார வைத்துவிடுவீர்கள் என்று பயந்தார். பிள்ளை இல்லாத மனிதர். காடு ஒன்றுதான் அவருக்கு. அதைத் தடவியாவது நடந்துகொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அய்யா சொன்னதில் ஒரே ஒரு வரியை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன். முதல் கடிதத்தில், "பாவம்க்கா, அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பண்ணு" என்று எழுதச் சொன்னார். நீங்கள் எழுதியது எல்லாவற்றையும் என்னால் படிக்க முடிந்தது. அதை மட்டும் என் கையால் எழுத முடியவில்லை. அவர் நல்ல மனதோடு சொன்னார் என்று தெரியும். இப்போது அவர் எதிரிலேயே எழுதுகிறேன்.

கோ-ஹோஸ்ட் வேலை எனக்கு வேண்டாம். என் பெயர் உங்கள் பெயருக்குக் கீழே வருவதை நீங்கள் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை. வீட்டை ஐந்து வருடக் குத்தகைக்கு எனக்கு எழுதிக் கொடுங்கள். பத்திரம் பதிய வேண்டும். ஆப்பில் என் பெயர், வாசலில் என் பெயர். குடும்பத்தார் யார் வந்தாலும் முன்பே பதிவு செய்துவிட்டு வர வேண்டும். சம்மதம் இல்லையென்றால் ஒன்றும் குறையில்லை. பந்தல்குடி ரோட்டில் வேறொரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். லாரிச் சத்தம் அதிகம். ஆனால் அந்த வீட்டுக்காரர் கடிதம் எழுதுகிறவர் இல்லை.

பொங்கலுக்குள் பதில் தேவை.

சங்கையா மகள்
சுகந்தி


கோயம்புத்தூர்
05.01.2025

சுகந்திக்கு,

முருகலட்சுமி எழுதுவது. உன் அப்பாவை விசாரித்ததாகச் சொல். நான் அவரை விசாரித்து முப்பது வருஷம் இருக்கும்.

உன் கடிதத்தைப் படித்தேன். முப்பத்து நான்கு வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் எனக்கு இப்படிப்பட்ட குறிப்பாணை யாரும் கொடுத்ததில்லை. இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள், இதில் எந்த வரியை மறுக்கலாம் என்று பேனாவோடு உட்கார்ந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. எழுத்து சுத்தமாகவும் இருக்கிறது, அதுவும் எரிச்சல்தான்.

குத்தகைக்குச் சம்மதம். வக்கீலிடம் பத்திரம் எழுதச் சொல்லியிருக்கிறேன். சுவரைப் பூசி அந்தப் பிளாஸ்டிக் மிளகாயைத் தூக்கி எறிந்துவிடு.

பிப்ரவரியில் தம்பியை மதுரை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். கோயம்புத்தூருக்கு இழுத்துவர மாட்டேன் என்று அவனிடம் சொல். அவன் நம்பமாட்டான்; அதனால் இந்த வரியைக் காட்டி எழுத்தில் இருக்கிறது என்று சொல். ஆஸ்பத்திரிக்கு முன்னும் பின்னும் எனக்குத் தங்க இடம் வேண்டும். 19 முதல் 22 வரை ஒரு அறை பதிவு செய்திருக்கிறேன். வந்ததா என்று பார்.

முருகலட்சுமி


கோயம்புத்தூர்
26.02.2025

அன்புள்ள தம்பி மருதுபாண்டிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கண்ணில் சொட்டு மருந்து மூன்று வேளை, தூசியில் நிற்காதே. டாக்டர் சொன்னதை மறந்துவிடாதே: இடது கண் போனது போனதுதான். வலது கண்ணில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், நீ அடுத்த மாதமும் ஒழுங்காக வந்தால். தேதி 18. நான் வந்துவிடுவேன்.

நீ கீழப்பட்டியில் கண்ணில் கட்டோடு படுத்திருந்ததால் திருச்சுழி வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. யார் வாயிலாவது திரித்துக் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் போய் இறங்கிய மதியம் சுகந்தி என்னிடம் ஆதார் அட்டை கேட்டாள். நான் பிறந்து வளர்ந்த வீட்டில்! கொடுத்தேன். நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். அறை சுத்தமாகத்தான் இருந்தது. குறை கண்டுபிடிக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மூன்று நாளும் அவள் என்னிடம் வெந்நீர் வேண்டுமா, இட்லி வேண்டுமா என்பதற்கு மேல் பேசவில்லை. அந்தக் கடிதங்களுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் சொல் சொல்லாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் எதிரில் வந்து நிற்கும்போதெல்லாம், "குழாய்ல தண்ணி மெதுவா வருதே" என்றுதான் வாயில் வந்தது. பிளம்பரைக் கூட்டிவந்து சரிபண்ணிவிட்டாள்.

கிளம்புகிற அன்று காலை வாசலில் நின்றிருந்தேன். எதிர்வீட்டுத் தங்கலட்சுமி, நாலு பெண்களை வைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"என்ன மதினி, உங்க அப்பா கட்டுன வீட்டு வாசல்ல சங்கையா மக பேரு தொங்குது? கேட்டா, வாடகைக்கு வந்த மாதிரி நீங்களும் நோட்டுல கையெழுத்துப் போட்டீகளாம்?"

சுகந்தி உள்ளே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கிற சத்தம் நின்றது.

தங்கலட்சுமி பேசியதில் புதிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் நான் எழுதியதுதான். ஆனால் அதை இன்னொருத்தி வாயில், பல்லிடுக்கில் வெற்றிலையோடு கேட்டதும் வாசல்படி இறங்கித் தெருவுக்கு வந்தேன்.

"ஆமா, போட்டேன்" என்றேன். "வயசான அம்மா ஒருத்தி இதே தெருவுல பெட்டி மேல உக்காந்திருந்தப்ப ஜன்னலைச் சாத்துனவ நீ. உனக்கு என்ன பேச்சு? வீடு குத்தகைக்கு விட்டாச்சு, பத்திரமும் பதிஞ்சாச்சு. இது இப்ப அவுக வீடு. அவுகளைப் பத்திப் பேசணும்னா முன்னாடியே பதிவு பண்ணிட்டு வந்து, உள்ள உக்காந்து பேசு. இடம் இருந்தா கொடுப்பாக."

தங்கலட்சுமி வாயைத் திறந்தபடியே நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க உனக்குக் கண் இருந்திருக்க வேண்டும், தம்பி. நான் திரும்பி உள்ளே வந்த பிறகுதான் உறைத்தது: சங்கையா மகளை, நடுத்தெருவில், நம் ஆட்கள் நாலு பேர் முன்னால், 'அவுக' என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வந்திருக்குமோ என்னவோ.

சுகந்தி தரை துடைக்கும் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள். என்னை ஒரு தடவை நேராகப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நின்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி பதினொண்ணு ஆச்சு. பன்னெண்டுக்கு அடுத்த ஆளு வாராக. ரூமைக் கூட்டணும்."

என் பையை நானே தூக்கிக்கொண்டு, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அடுத்த மாதத்துக்கும் அறை பதிவு செய்திருக்கிறேன். இன்னும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படிக்கு
உன் அக்கா முருகலட்சுமி